மிச்சம் யார் கணக்கில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பது வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பவர்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த கடிதங்களையும் படித்தேன். பாதிப் பேர் கைதட்டுகிறார்கள். மீதிப் பேர் ‘எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஜென்மங்கள்’ என்கிறார்கள். யாரும் வரவு செலவு நோட்டைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு செலவு உண்மையிலேயே நின்றதா, இல்லை அடுத்தவர் தலைக்கோ அடுத்த வருஷத்துக்கோ தள்ளிவிடப்பட்டதா? நோட்டில் இரண்டுமே ‘மிச்சம்’ என்றுதான் விழும்.

சேமிப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. விலைவாசி ஏற்றம் போக 3 விழுக்காடு நிற்கும்படி முதலீடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 20 விழுக்காடு மட்டும் ஒதுக்கினால், வேலையை விடப் போதும் என்று கட்டுரை சொன்ன தொகை, அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு, சேர 47 ஆண்டு ஆகும். பாதியை ஒதுக்கினால் 19 ஆண்டு. 70 விழுக்காடு என்றால் பத்து ஆண்டுக்குள் முடிந்துவிடும். சேர்வது ஒருபக்கம் கூடுகிறது, குறைந்த செலவில் வாழப் பழகியதால் சேர்க்க வேண்டிய தொகையும் சுருங்குகிறது. இதில் கேலி செய்ய எதுவுமில்லை.

ஆனால் அந்த ‘25 மடங்கு’ எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் அந்த நாட்டுப் பங்கு, கடன் பத்திர விலைகளை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக் காலத்துக்குப் போட்ட கணக்கு அது. கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலோ 42 வயதில் வேலையை விடுபவருக்கு இன்னும் 45 ஆண்டு ஓட வேண்டும். இன்று மாதம் 30,000 செலவென்றால், 6 விழுக்காடு விலையேற்றத்தில் 12 ஆண்டில் 60,000, 24இல் 1,20,000, 36இல் 2,40,000. 25 மடங்கு என்றால் 90 லட்சம். 35 மடங்கு, அதாவது 1 கோடியே 26 லட்சம், இல்லாமல் ராஜினாமாக் கடிதம் எழுதும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதிலும் மூன்று ஆண்டுச் செலவு வங்கி டெபாசிட்டில் தனியாக இருக்க வேண்டும். வேலையை விட்ட முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிந்து, அந்த விலையிலேயே மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களை விற்றுச் சாப்பிட்டால், பிறகு சந்தை ஏறினாலும் ஏறுவதற்குக் கையில் யூனிட் இருக்காது. டெபாசிட்டையும் ஒரே வங்கியில் போடாதீர்கள். வங்கி மூழ்கினால் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான்.

இன்னொன்று. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதுக்கு மேல்தான். விருப்ப ஓய்வு பெற்றவர் என்றால் 55க்கு மேல், அதுவும் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். 42 வயதுக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஒன்பதரை ஆனாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதாம் ஆண்டில் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருபவரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இனி கஞ்சத்தனம். கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் பெட்ரோல். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம் என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடைக்கு வண்டியை விடுகிறார்கள். போய்வர 15 கிலோமீட்டர் என்றாலும் 300 மில்லி எரியும், முப்பது ரூபாய். ஐந்து லிட்டர் போட்டால் மிச்சமும் அதே முப்பது ரூபாய்தான். பாகூர்ப் பக்கம் வேலையாகப் போகிறவர் வழியில் போட்டுக்கொண்டால் சரி. 75 வாட் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி மாட்டுவது அசல் சிக்கனம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 245 யூனிட் குறையும். கடலூர் முதுநகரில் மீனைக் கூடையோடு ஏலத்தில் எடுத்து நான்கு வீடு பங்கு போட்டுக்கொள்வதும் அப்படியே.

தள்ளிப்போடுவதில் முதல் பலி மாடித் தளம். மழைநீர்க் குழாய் வாய் அடைத்து, தட்டோட்டு இடுக்கில் தண்ணீர் நின்று, உப்புக்காற்று வேறு சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் காரை பெயர்ந்து விழும். புரட்டாசியில் பூச வேண்டிய பூச்சை ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று விட்டவர், கடைசியில் கம்பியை மாற்றும் வேலைக்கு ஆள் தேடுகிறார்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே அதே நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பிரீமியம் குறைகிறதே என்று அறை வாடகை வரம்புள்ள பாலிசியை எடுக்காதீர்கள். நாள் வாடகை வரம்பு 4,000 இருக்க, 8,000 ரூபாய் அறையில் படுத்தால், மீதி 4,000 மட்டும் கையை விட்டுப் போகும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள்.

மொய்யைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதை ‘வீண் செலவு’ப் பத்தியில் போடுகிறார்கள். தன் கல்யாணத்தில் 2,000 வாங்கியது எதிர்வீட்டு நோட்டில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் இருப்பது சேமிப்பா? வட்டியில்லாக் கடனைத் திருப்பாமல் இருப்பதுதானே. மொய் முறையே வேண்டாம் என்பவர் முதலில் வாங்காமல் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, அப்பா வீட்டு மாடியில் வாடகையில்லாமல் இருந்துகொண்டு ‘மாதம் 30,000 போதும்’ என்பது. உயில் எழுதாமல் அப்பா போனால், இந்து வாரிசுச் சட்டப்படி அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அம்மாவுக்கும் தங்கைக்கும் இவருக்கும் சம பங்கு. பாகப்பிரிவினை அன்றுதான் இந்தக் கணக்கு வெளிவரும். அதே தெருவில் அதே அளவு போர்ஷனுக்கு வாடகை 8,000 என்றால், ஆண்டுக்கு 96,000. அதை 35ஆல் பெருக்கினால் 33 லட்சத்து 60 ஆயிரம் இன்னும் சேர்க்க வேண்டும்.

வரி ஆலோசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.