குழந்தைகள் வார்டில் பெற்றோரையும் விசாரியுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், டெல்டா மாவட்டங்களின் மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களுக்கும், மன்னார்குடி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

என் மகனுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. இரண்டரை ஆண்டுச் சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்குப் போய் வருகிறான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாதிருந்தால் எங்கள் மூன்று மா நிலமும் கைவிட்டுப் போயிருக்கும். அந்த நன்றி மாறாது. இந்த மடல் அவனைப் பெற்ற எங்களைப் பற்றியது.

சென்ற தையில் சம்பா அறுவடையின்போது, அறுப்பு இயந்திரம் பின்னால் நகர்கையில் எழுப்பிய 'பீப் பீப்' ஒலியைக் கேட்டதும் நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வார்டில் நள்ளிரவில் மருந்து ஏற்றும் பம்பு அலறும் அதே ஒலி. என் மனைவி இன்றும் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து மகனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். தெர்மாமீட்டர் அவள் தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது. அந்த மருத்துவமனை வழியாகப் பேருந்து போகும் என்பதற்காகவே தன் அண்ணன் மகள் திருமணத்துக்கு அவள் வரவில்லை. "அதான் பிள்ளை பிழைச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்று உறவினர்கள் கேட்பது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அஞ்சியே அவள் வாய் திறப்பதில்லை.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் நாம் கண்கூடாகப் பார்த்தோம். அப்போது ஆற்றுப்படுத்துநர்கள் மக்கள் இருந்த இடம் தேடி வந்தார்கள். பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்தான நோய் என்று அறிவதும் அந்த உளைச்சலுக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-லேயே குறிப்பிட்டது. 2013 பதிப்பில் வரையறை இறுக்கப்பட்டது உண்மைதான். அதனால் எங்கள் இரவுகள் மாறிவிடவில்லை.

பெற்றோர் தாமாகக் கேட்டு வரமாட்டார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஊசித்தழும்போடு பிள்ளை படுத்திருக்கும்போது, "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று மருத்துவரிடம் சொல்ல எந்தத் தாய்க்கும் நா எழாது. சொன்னால் அதுவே பாவம் என்று நினைப்பாள். ஆகவே கேட்க வேண்டியது நீங்கள்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது குழந்தைகள் வார்டிலேயே இருக்கட்டும். தொலைபேசி வழி மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸின் எண் 14416 ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் அச்சாகட்டும்.

வரும் ஆவணியில் எங்களுக்கு அடுத்த பரிசோதனை. அன்று மகனின் எடையைக் குறித்துக்கொண்ட பிறகு, "நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று என் மனைவியிடம் ஒருவர் கேட்பதற்கு ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன்.