நூற்றுக்கு மூன்று

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த இருதய சத்திரசிகிச்சைக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். “உயிராபத்து எத்தனை வீதம் என்று கணினியே சொல்லிவிடும், நோயாளி தெளிந்த மனதோடு கையெழுத்திடலாம்” என்று போட்டிருக்கிறீர்கள். நல்லது. 2019இல் என் தங்கச்சியும் கையெழுத்திட்டாள். பத்திரம் சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. அந்தச் சேதி அந்த வார்டுக்கு வந்து சேரவில்லை போலும்.

டொக்டரைக் குறை சொல்லமாட்டேன். “நூற்றுக்கு மூன்று” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி மூன்று விரலைக் காட்டினார். அவர் போனதும் தங்கச்சி கேட்டாள்: “மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்களாண்ணே?”

தேயிலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஏழு பேர் கிடந்து வளர்ந்தோம். ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டைப் புண் வந்து, பிறகு முழங்கால் வீங்கியது. டிஸ்பென்சரியில் கொடுத்தது பெனடோல், காய்ச்சல் குளிசை. காலத்தோடு பெனிசிலின் போட்டிருந்தால் இருதய வால்வு பழுதாகியிராது என்று அவளுடைய நாற்பதாவது வயதில்தான் ஒருவர் சொன்னார். அதற்குள் இருபத்துநான்கு வருடம் கொழுந்து எடுத்துவிட்டாள்.

நீங்கள் மெச்சும் அந்த உயிராபத்துக் கணக்கு, யூரோஸ்கோர், 1999இல் வந்தது. 2010இல் 43 நாடுகளில் 154 ஆஸ்பத்திரிகளில் 22,381 பேரைப் பார்த்து அதைத் திருத்தினார்கள். வயது, சிறுநீரகம், நுரையீரல், நடமாட்டம் எல்லாம் கேட்கும். (வயது! அடையாள அட்டையில் அவளுக்கு ஒரு வயது, அம்மா சொன்னது இன்னொன்று.) ஆனால் அது எண்ணுவது சத்திரசிகிச்சை நடந்த அதே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் சாவை மட்டும். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ விடுபட்டிருக்கிறது.

தங்கச்சிக்குப் பதினோராம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கணக்கின்படி அவள் பிழைத்தவள்.

செயற்கை வால்வு வைத்தால் இரத்தம் கட்டாதிருக்க வோபரின் குளிசை, அதற்கு அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். டவுனுக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் இன்னொருவருக்கும் பேர் (அன்றைய கூலி) கிடையாது, துணைக்குப் போக வேண்டுமே. கிளினிக் திகதியை மாற்றி ஒரு கடிதம் அனுப்பினார்கள். லயத்துக்கு ஏது விலாசம்? தோட்டக் காரியாலயத்தில் ஒன்பது நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது திகதி போய்விட்டது. ஐம்பத்திரண்டாம் நாள், வால்வில் இரத்தம் கட்டி, கொழுந்து லொறியில் கொண்டுபோகும் வழியில் முடிந்தாள். நூற்றுக்கு மூன்றில் அவள் இல்லை. தொண்ணூற்றேழில் இருக்கிறாள்.

தாங்கள் அறியாததல்ல. தேர்தல் வந்தால் எங்கள் லயத்துக்கு விலாசம் கண்டுபிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதும் தாங்கள் அறிந்ததே.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அந்த வீதம் ஆஸ்பத்திரி வாசலோடு முடிகிறது என்று ஒரு வரி போடுங்கள். இன்னொன்று: அந்தக் கட்டுரைக்குச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் எதற்கு ஐயா?

என் பெயரைப் போட வேண்டாம். தங்கச்சியின் மகள் இன்னும் அதே மலையில்தான் பேர் போடுகிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை.