ஒரு காட்சியையாவது இசையின்றி விடுங்கள்: தமிழ்த் திரைக்கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஒலிக்கலவைக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் திரையரங்கில் ஒரு புதிய தமிழ்ப் படம் பார்த்தேன். தந்தை இறந்த செய்தியை மகன் கைப்பேசியில் கேட்கும் காட்சி வந்தது. அந்த நடிகர் அழவில்லை. கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கி, அதன் திரையில் படிந்திருந்த வியர்வையைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார். அவ்வளவுதான் செய்தார், ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த உணர்வு உள்ளே இறங்குவதற்குள் முப்பது நாற்பது வயலின்கள் ஒன்றாகப் பாய்ந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த என் தாயார் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். நடிகர் ஒரு விரலால் சாதித்ததை அவ்வளவு பெரிய வாத்தியக்குழு அழித்துவிட்டது. அந்த வருத்தமே இந்த மடலை எழுத வைத்தது.

அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்த இந்தியப் படங்களிலும் மேற்கத்தியப் படங்களிலும் மனத்தில் தங்கியவற்றை எண்ணிப் பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அறிந்த படங்களாகவே இருக்கின்றன.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குகிறேன். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் குடும்பமே சாமியாரிடம் அழைத்துச் செல்கிறது. அந்தப் பயணம்தான் படம். ஆட்டோவின் உறுமல், காற்று, சேவலின் சிறகடிப்பு, அவளை மணக்கவிருக்கும் பாண்டியாக வரும் சூரி கட்டிப்போன தொண்டையோடு பேசும் கரகரத்த பேச்சு ஆகியவையே நமக்குக் கேட்கின்றன. அந்தப் பெண் மீனாவாக நடித்த அன்னா பென் ஏறக்குறைய படம் முழுவதும் பேசுவதே இல்லை. வழியில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் பாண்டி வெறிகொண்டு அடிக்கத் தொடங்குகிறான். ஒரு பெண்ணின் வாயிலிருந்து எழும் சன்னமான பாட்டு எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது என்பது நமக்கு உறைப்பதற்குக் காரணம், அதுவரை இயக்குநர் நம் காதுகளை வேறு எந்த இசையாலும் நிரப்பாமல் காத்திருந்ததுதான். அந்த அடியின் கீழே முரசு முழங்கியிருந்தால் நான் அதை ஒரு சண்டைக்காட்சியாகப் பார்த்துக் கடந்திருப்பேன்.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற படம். மும்பையில் செவிலியராக வேலை பார்க்கும் பிரபாவுக்கு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போன கணவன் வாழும் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்சார அரிசிக் குக்கர் வந்து சேர்கிறது. இரவில் அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை இறுகக் கட்டிக்கொள்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை.

மேற்கிலிருந்து ஒரு படத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஜொனாதன் கிளேசரின் ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (2023), ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டைக் காட்டுகிறது. தோட்டமும் பூக்களும் குழந்தைகளும் கண்முன்னே இருக்கின்றன. மதிலுக்கு அப்பால் நடக்கும் கொலைகளில் ஒன்றுகூடக் காட்டப்படுவதில்லை. துப்பாக்கிச் சத்தமும் அலறலும் உலைகளின் ஓயாத முழக்கமும் தொலைவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கின்றன. விருந்தாளியாக வந்த மாமியார், இரவில் அதைத் தாங்க முடியாமல், சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிடுகிறார். ஜானி பெர்னும் டார்ன் வில்லர்ஸும் இந்தப் படத்துக்காகச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கரை 2024இல் பெற்றார்கள். இத்தனைக்கும் அந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை மெல்லியவை. காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்ததால்தான் நான் அந்த வீட்டுக்குள் சிக்கிக்கொண்டேன்.

மேற்கத்தியர் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் நோலனின் ‘டெனட்’ படத்தில் வசனங்கள் இசைக்குள் மூழ்கிப்போனதை உலகெங்கும் பார்வையாளர்கள் குறையாகச் சொன்னார்கள்; ‘ஓப்பன்ஹைமர்’ படத்திலும் சில இடங்களில் எனக்கு அதே எரிச்சல் இருந்தது. ஆனால் அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானியைப் பற்றிய அதே படத்தில் குண்டு வெடிக்கும்போது நோலன் சத்தத்தை நிறுத்திவிடுகிறார். மூச்சுக்காற்று மட்டும் கேட்கிறது. ஒளி முதலில் வந்துவிடும், ஒலி பின்னால்தான் வரும்; முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த 1945 ஜூலை 16 அன்று ஓப்பன்ஹைமர் நின்ற பதுங்குகுழி வெடிப்பிடத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி இருந்தது, சத்தம் அவரை எட்ட ஏறத்தாழ 27 நொடி ஆகியிருக்கும். இயற்கையே கொடுத்த அந்த இடைவெளியை எந்த இசையாலும் நிரப்பாமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒலிக்கலவைக் கலைஞர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கூடத்தில் ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) 7இல் நிற்க, முன்பக்க ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் தரும்படி அளவிட்டு வைத்துத்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள். படம் உரத்து இருந்தால் பார்வையாளர்கள் முறையிடுவார்கள், திரையரங்குக்காரர் ஃபேடரை 5க்கு இறக்குவார். அப்போது வெடிச்சத்தத்தோடு சேர்ந்து வசனமும் இறங்கிப்போகும். இறக்கிவிடுவார்கள் என்பது தெரிந்து அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலப்பதும், அவர்கள் இன்னும் இறக்குவதுமாக இது முடிவில்லாமல் தொடர்கிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது, ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைக்கும்படி திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டதாக அதன் தயாரிப்பாளரே சொன்னார். அந்த அளவுக்குப் போகும்வரை கலவைக்கூடத்தில் இருந்த ஒருவருக்கும் காது வலிக்கவில்லையா என்பதே என் கேள்வி. இயக்குநரோ தயாரிப்பாளரோ “இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்” என்று பக்கத்தில் நிற்கும்போது மறுத்துப் பேசுவது எளிதல்ல என்பதும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரிய கூட்டத்துக்கு இது ஒத்துவராது என்ற பதிலை நான் ஏற்பதற்கில்லை. 2018இல் ‘96’ ஓடிய ஓட்டம் உங்களுக்கே தெரியும். மின்சாரம் போன இருட்டில் ஜானு ‘தளபதி’ படப் பாட்டை வாத்தியம் ஏதுமின்றிப் பாடத் தொடங்க, ராம் விளக்கைத் தேடித் தடுமாறும் அந்தக் காட்சியில் அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது. விசிலடித்துக்கொண்டிருந்த பின்வரிசையிலும் அப்போது சத்தமில்லை. நானும் அங்கே இருந்தேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தின் இறுதிக்கலவைக்கு அமரும்போது, நடிகர் முழுமையாகச் செய்துமுடித்த ஒரு காட்சியை எடுத்து, இசைத்தடத்தை மட்டும் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காட்சி தன் காலில் நின்றால் அந்தத் தடத்தை மறுபடி திறக்காதீர்கள்.

அன்புடன்,
தமிழ்ப் படங்களை வெளியான வாரமே பார்த்துவிடும் ஒரு பார்வையாளர்