விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரலாம்: லாக்ரோஸ் அணியின் நான்கு கேப்டன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

உங்கள் நால்வருக்கும் தமிழ் தெரியாது. என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வான். சங்கடமான இடங்களை நைசாகத் தாண்டிப் போவான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் எங்கே இழுக்கிறானோ அங்கே நிறுத்தி, "உங்க அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேளுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம்தான். ஆனால் 18 வருஷமாக அந்த மொழியில் நோயாளிகளின் சார்ட் எழுதிப் பழகிய கை, இதையும் ஆஸ்பத்திரிக் குறிப்பு மாதிரி எழுதிவிடும். தவிர, இந்த நாட்டில் பிள்ளையைக் கல்லூரி விளையாட்டுக்கு அனுப்பிவிட்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் இருக்கும் தமிழ்ப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் உங்கள் 31-ஆம் நம்பர்காரனின் அம்மா. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ்.

லாக்ரோஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, வீசி, கோல் போடுகிற ஆட்டம். அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காரேஜ் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடிப்பான். வலது கையில் நூறு, இடது கையில் நூறு. அடுப்பில் ரசம் நுரை கட்டுகிற நேரத்தில் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டிஃபென்ஸ் ஆடுகிறவன் என்பதால் அவன் ஸ்டிக் ஆறடி. என்னைவிட உயரம். டிக்கியில் அடங்காது. பின் சீட்டிலிருந்து கியர் வரைக்கும் நீட்டிக்கொண்டு, ஓட்டுகிற என் முழங்கையை இடித்தபடியே வரும். பந்தோ கெட்டி ரப்பர். ஒருநாள் டிரவுசர் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. மெஷின் உடைந்தே போயிற்று என்று நினைத்தேன்.

2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்குக் கிரிக்கெட்டையும் லாக்ரோஸையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். மதுரையிலிருந்து என் தம்பி போனில் கத்துகிறான், இங்கே மாடியில் இவன் கத்துகிறான். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்குக் கத்தினார்கள் என்று எனக்குப் புரியவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இதையெல்லாம் சொல்வது, ஆட்டத்தைக் கண்டு பயந்த அம்மா என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஷூட்டர் அடித்தால் பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும், தெரியும். 2004-இல் கார்னெல் பல்கலைக்கழக வீரர் ஒருவர், பந்து நெஞ்சில் பட்டு ஆட்டத்தின் நடுவிலேயே இறந்துபோனதும் தெரியும். அதற்குப் பிறகு ஆராய்ச்சி நடந்து, நெஞ்சுக் கவசத்துக்கென்று தனித் தரம் வகுத்து, 2022-இல் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். பந்துக்குக் கவசம் இருக்கிறது. எனக்குப் பயம் ஜனவரி மாதத்தைப் பற்றித்தான்.

ஜனவரியில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் மூன்றாம் டிவிஷன். விளையாடுவதற்காக ஒரு டாலர் உதவித்தொகை கிடையாது. ஆட்டங்கள் பிப்ரவரியில் தொடங்கும். அதிகாரபூர்வப் பயிற்சி தொடங்கும் வரை கோச் எதையும் கட்டாயமாக நடத்தக் கூடாது என்பது விதி. அந்த இடைவெளியில் பயிற்சியை நடத்துவது நீங்கள். 'கேப்டன்ஸ் பிராக்டிஸ்' என்று பேர். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து, மூன்று வாரம் வீட்டுச் சாப்பாட்டில் கிடந்த பையன்கள் திரும்பி வந்த மறுநாள் குரூப்பில் மெசேஜ் வரும்: "திங்கள் காலை 6 மணி. விருப்பப்பட்டவர்கள் மட்டும்." அடியில் நாற்பது கட்டைவிரல்கள்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுவதும் அவரவர் விருப்பம்தான். ஆனால் பந்திக்குப் போகிற வழியில் மேஜை போட்டு, நோட்டை விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டி, பேர் எழுதாமல் போன ஆளை நான் பார்த்ததில்லை.

2024 செப்டம்பர் 16 அன்று மாசசூசெட்ஸில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் டிவிஷன்தான், அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் அணி. அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' என்கிற சிறப்புப் படைக்கான பயிற்சியை முடித்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர் வந்து உடற்பயிற்சி நடத்தினார். அந்த வாரத்துக்குள் ஒன்பது வீரர்கள் ஆஸ்பத்திரியில். பல்கலைக்கழகத்தின் முதல் அறிக்கையை நான் இரண்டு தடவை படித்தேன். மேற்பார்வையோடு, 45 நிமிஷம், விருப்பத்தின் பேரில் நடந்த பயிற்சி என்று இருந்தது. அதே அணி 2025 மே மாதம் மறுபடியும் கோப்பையை வாங்கிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் கோப்பை வந்ததும் அந்த ஒன்பது கட்டில்களைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது.

இது லாக்ரோஸுக்கு மட்டும் வந்த வினை இல்லை. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 13 பேர் இதே மாதிரி ஆஸ்பத்திரியில். 2017 ஜனவரியில் ஆரிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் 3 பேர். மாதத்தைக் கவனியுங்கள். லீவு முடிந்து திரும்பிய முதல் வாரங்கள். உடம்பு இன்னும் வீட்டில் இருக்கும், மனசு சாம்பியன்ஷிப்பில் இருக்கும்.

என்ன ஆகிறது என்றால், பழக்கமில்லாத தசையை ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வேலை வாங்கும்போது தசை இழைகள் பிய்ந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் கலக்கிறது. ராப்டோமயோலைசிஸ் என்பார்கள், யூனிட்டில் நாங்கள் 'ராப்டோ' என்போம். தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். கிரியேட்டின் கைனேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சாதாரண ஆளுக்கு 200-ஐ ஒட்டி இருப்பது, இதில் ஆயிரக்கணக்கில் போகும், சிலருக்கு லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலோர் சலைன் ஏற்றினால் தேறிவிடுவார்கள். தேறாத சிலர் என் யூனிட்டுக்கு வருவார்கள். பயிற்சி முடிந்த அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ஒருநாள், இரண்டுநாள் கழித்துத்தான் கை வீங்கும். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கல்லூரி விளையாட்டில் சேரும்போதே அதற்கு ரத்தப் பரிசோதனை கேட்பது இதனால்தான்.

இனி என் மகன் இழுக்கப் போகிற இடம்.

போன வருஷம் ஜனவரி, அவன் முதலாண்டு. புதன்கிழமை ராத்திரி போன். குரல் சரியில்லை.

"கையை மடக்க முடியலைம்மா. டிஷர்ட் போட ரூம்மேட் ஹெல்ப் பண்ணான். சும்மா வலிதான்."

"யூரின் என்ன கலர்ல போகுது?"

"அம்மா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. டீ மாதிரியா, டிக்காஷன் மாதிரியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கோக் மாதிரி."

பனியில் இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். அதற்குள் ரூம்மேட் அவனை எமர்ஜென்சிக்கு அழைத்துப் போய்விட்டான், அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும். கிரியேட்டின் கைனேஸ் அளவு 38 ஆயிரம். மூன்று ராத்திரி சலைன். சிறுநீர்ப் பையில் நிறம் கறுப்பிலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து மஞ்சள் என்று மாறுவதை, தினமும் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறுநீரகம் தப்பியது.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். யாராவது தாமதமாக வந்தால், ஒரு தலைக்கு 25 தண்டால், எல்லோருக்கும். அன்றைக்கு ஆறு பேர் தாமதம். பயிற்சியில் இருந்த தண்டால், புல்-அப் போக இந்த 150 தனி. ஆட்டத்தில் எதிராளியைச் சூழ்ந்து மடக்குவது போல அணியையே தண்டனையால் மடக்குவது. இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. முந்தைய கேப்டன்கள், அவர்களுக்கு முந்தையவர்கள், அதற்கும் முந்தையவர்கள்.

"நடுவுல நிறுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா."

"அப்புறம் ஏன்டா நிறுத்தல?"

"யாரும் நிறுத்தலை."

அந்தப் பதிலைத்தான் ஒரு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். அப்போதைய கேப்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஆறு பாட்டில் விளையாட்டு பானம். கட்டிலைப் பார்த்ததும் அழுதுவிட்டான். கெட்ட பையன் இல்லை. அவன் மீது எனக்குக் கோபமும் இல்லை, ஒரு நாள் இருந்தது, அவ்வளவுதான். களத்தில் இறங்குவது 10 பேர். ஜெர்சி போட்டிருப்பது நாற்பதுக்கும் மேல். சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத இடத்தில், அணியில் ஓர் இடம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைப்பது. பதினெட்டு வயசுப் பையன் முதல் வாரமே "என்னால முடியல" என்று எப்படிச் சொல்லுவான்? நீங்கள் நால்வரும் அன்று அதே வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்கும் கை நடுங்கியிருக்கும். நீங்களும் நிறுத்தவில்லை.

ஆகவே கோச்சிடமோ கல்லூரி நிர்வாகத்திடமோ போகாமல் உங்களிடம் வருகிறேன். அவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதி, முறையான பதிலும் வந்துவிட்டது. அந்தக் காலை 6 மணிக்கு அவர்கள் இருக்க மாட்டார்கள், நீங்கள்தான் இருப்பீர்கள்.

தாமதத்துக்குத் தண்டாலை விட்டுவிடுங்கள். தாமதமாக வந்தவன் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் கழுவி நிரப்பட்டும். முதல் இரண்டு வாரம் போன வருஷக் கணக்கில் பாதி போதும். வீரர்களின் காயங்களைக் கவனிக்கிற அத்லெடிக் டிரெய்னர் நம்பர் எல்லோர் போனிலும் இருக்கட்டும். இவை யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை. நான் முக்கியமாகக் கேட்பது வேறு. முதல் திங்கட்கிழமை, நடுப் பயிற்சியில், உங்கள் நால்வரில் ஒருவர் எல்லோரும் பார்க்க நிறுத்த வேண்டும். "எனக்கு இன்னிக்கு இது போதும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இன்னொருவர். நடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முதலாண்டுப் பையன்கள் நீங்கள் பேசுவதைக் கேட்பதில்லை, நீங்கள் செய்வதைப் பார்க்கிறார்கள். கேப்டன் உட்கார்ந்ததைப் பார்த்தவன்தான் தானும் உட்காருவான்.

போன கோடையில் இவனைச் சிரக்யூஸுக்குத் தெற்கே ஒனண்டாகா என்ற பூர்வகுடி மக்களின் நிலப்பகுதி வழியாக அழைத்துப் போனேன். நீங்கள் ஆடுவது, ஒனண்டாகாவும் சேர்ந்த ஹோடனோஷோனி பூர்வகுடிக் கூட்டமைப்பு மக்களின் ஆட்டம். 1867-இல் மான்ட்ரியல் பல் டாக்டர் ஒருவர் விதி எழுதி அச்சடிப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்னிருந்தே அவர்கள் ஆடிவருவது. அவர்களுக்கு அது மருந்து ஆட்டம். ஊரில் ஒருவர் நோயில் படுத்தால் அவருக்காக மர ஸ்டிக்குகளோடு ஆடுவார்கள், இன்றைக்கும். 2023-இல் காலமான ஆல்ஃப் ஜாக்ஸ் அங்கே ஹிக்கரி மரத்தைப் பிளந்து, நீராவியில் வைத்து வளைத்து, மாதக்கணக்கில் காயவிட்டு ஸ்டிக் செய்துவந்தவர். நான் கார் ஓட்டிக்கொண்டே இதையெல்லாம் சொல்ல, இவன், "தெரியும்மா, தெரியும்மா" என்றான். ஆறடி ஸ்டிக் வழக்கம்போல என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தது. நோயாளிக்காக ஆடின ஆட்டத்துக்குத் தயாராகிறேன் என்று நோயாளியாகித் திரும்பியவனை என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த வருஷமும் அவன் வருவான். நான் தடுக்கவில்லை, தடுத்தாலும் கேட்க மாட்டான். காரேஜில் டொக், டொக் சத்தம் டிசம்பர் முழுக்கக் கேட்டது.

பிப்ரவரி கடைசியில் உங்கள் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு வருகிறேன். போன வருஷம் பார்க்கிங்கில் பெற்றோர் போட்ட மேஜையில் நான் வைத்த எலுமிச்சை சாதம் இரண்டு ட்ரேயும் பத்து நிமிஷத்தில் காலி. உங்கள் கோல்கீப்பர் மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டான். இந்த முறை நாலு ட்ரே கொண்டுவருவேன். முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத் தனியாகத் தாளிக்கிறேன்.

அன்புடன்,
31-ஆம் நம்பரின் அம்மா