தூக்கமின்மைக்கு ரத்தப் பரிசோதனை வரும் முன்பு: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீரிழிவுள்ள என் தாயார், கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் தம் எச்பிஏ1சி அளவைப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்போல நினைவில் வைத்திருக்கிறார். அது சற்று ஏறினாலும் வீடே பரபரப்படையும். ஆனால், நள்ளிரவுக்குப் பின் விழித்து, விடியும்வரை வீவக அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் அமர்ந்திருப்பதை அவர் பல ஆண்டுகளாக எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. காட்டுவதற்குக் காகிதம் இல்லாத நோயை அவர் நோயாகவே கருதவில்லை.

ஆகவே, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள வளர்சிதைமாற்றப் பொருள்களை, அதாவது உடலின் அன்றாட இயக்கத்தில் உருவாகும் சிறு வேதிப்பொருள்களைக் கொண்டு தூக்கமின்மையைக் கண்டறிய ஆய்வுகள் நடப்பதை அறிந்து மகிழ்ந்தேன். இன்று இந்நோயை உறுதிசெய்வது பெரும்பாலும் நோயாளியின் வாய்மொழியே. தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமலோ நிலைக்காமலோ போவது, வாரத்தில் குறைந்தது 3 இரவு, 3 மாதமேனும் நீடித்துப் பகல்பொழுதையும் பாதித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இரவு முழுவதும் மூளையலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை, மூச்சுத்தடை போன்ற வேறு கோளாறு உண்டோ என்ற ஐயம் எழும்போதுதான் பொதுவாகத் தேவைப்படுகிறது.

மகிழ்ச்சியோடு ஒரு தயக்கமும் உண்டு. இவ்வகை ஆய்வுகளில் அளக்கப்படும் லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய அமினோ அமிலங்கள், இன்சுலின் சரிவரச் செயல்படாத உடலிலும் கூடுதலாகக் காணப்படுபவை. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, என் தாயாரின் ரத்தத்தில் அவை உயர்ந்திருந்தால் அது தூக்கத்தின் தடயமா, சர்க்கரையின் தடயமா? நீரிழிவு இல்லாதவர்களிடம் மட்டும் சோதித்துப் பார்த்த ஒரு குறியீட்டை எங்கள்மீது அப்படியே பொருத்துவது நியாயமாகாது.

நேரமும் ஒரு சிக்கல். உடலை விழிப்புக்குத் தயாராக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் காலையில் உச்சத்திலும் இரவில் தாழ்ந்தும் இருக்கும். தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் இதற்கு நேர்மாறு. இரவெல்லாம் காவல்பணி பார்த்துவிட்டு நேரே மருந்தகத்துக்கு வருபவருக்குக் காலை எட்டு மணி என்பது நாளின் முடிவு. அவரது மாதிரியையும், எழுந்து பசியாறாமல் வந்தவரின் மாதிரியையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. அதோடு, இரண்டு வேலை பார்ப்பதால் தூங்க நேரமில்லாதவரும் படுத்தும் தூக்கம் வராதவரும் ஒருவரல்லர். முன்னவருக்குத் தேவை கூடுதல் ஓய்வுநேரம். பின்னவருக்குப் பரிந்துரைக்கப்படும், தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ, வியப்பாக, படுக்கையில் கழிக்கும் நேரத்தையே முதலில் குறைக்கிறது.

எனவே, இத்தகைய பரிசோதனை எதையும் அமைச்சு பரிசீலிக்கும்போது, நீரிழிவுள்ள இந்தியரிடம் அது தனியே சரிபார்க்கப்பட்டதா என்று கேட்கவேண்டும் எனவும், ரத்தம் எடுத்த நேரத்தோடு கடைசியாகத் தூங்கி எழுந்த நேரத்தையும் பதிவுசெய்யச் செய்யவேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் உள்ளடக்கிய எஸ்ஜி100கே என்ற மக்கள் சுகாதார ஆய்வை நடத்தும் நாட்டுக்கு இது இயலாத காரியமன்று.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவரைச் சந்திக்கும் மூத்தோரிடம், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் கொடுங்கள். “கண்ணசந்தேன், ஆனால் தூங்கவில்லை” என்று என் தாயார் சொல்வதை எழுத அதில் ஓர் இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரவாசி ஒருத்தி