ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைத்தடியில்லாமல் தெருமுனை வரை போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல், மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

சென்ற வாரம் அவர்களுள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘மை ஃபாதர் ரன்ஸ் எ ஹோட்டல்’ என்பதை ‘என் அப்பா ஓட்டலை ஓடுகிறார்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். ‘நடத்துகிறார்’ என்று திருத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது: நடத்துவதென்றால் நடக்கச் செய்வதுதானே? ஆங்கிலேயர் ஓடவிடும் கடையை நாம் நடக்கவிடுகிறோம். தேர்தல் என்றால் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷார் நிற்கிறார்; நாமும் நிற்கிறோம். இந்த வழக்கு பிரிட்டிஷாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், ஏறத்தாழ 430 பொருள்களுடன் ‘செட்’ என்னும் வினைதான் முன்னணியில் இருந்தது. 2011இல் ‘ரன்’ என்னும் வினையைத் திருத்தி எழுதியபோது அதற்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. அந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். ரயிலும் தொழிற்சாலை எந்திரமும் கடைசியில் கணினி நிரலும் வந்து சேர்ந்த பிறகே இந்தச் சொல் இப்படிப் பெருத்தது என்று எனக்குப் படுகிறது.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலமான ‘ரின்னன்’, நீர் பாய்வதையும் ஆள் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. உறவுமொழியான ஜெர்மனில் நீர் வழிந்தோடுவதற்கு ‘ரின்னென்’, ஆள் ஓடுவதற்கு ‘ரென்னென்’ என்று இன்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பின்னது முன்னதன் பிறவினையாகப் பிறந்தது, நம் ஓடு, ஓட்டு என்பவற்றைப் போல. இன்றைய ஆங்கிலமோ இரண்டுக்கும் ஒரே ‘ரன்’ போதுமென்று விட்டுவிட்டது.

நம் ‘ஓடு’ம் இளைத்ததல்ல. ஆறு ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. கவலை வந்தால் மட்டும் ‘ஒன்றும் ஓடவில்லை’ என்கிறோம். ஆனால் ஆங்கிலம் ‘ரன்’ ஒன்றையே வைத்துச் சமாளிக்கும் இடங்களில் நாம் மூக்கை ஒழுகவிட்டு, துணியின் சாயத்தைப் போகவிட்டு, சர்க்கரையைத் தீரவிட்டு, காய்ச்சலை அடிக்கவிடுகிறோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் இதை ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ‘ரன் என்றால் ஓடு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவியிருக்கிறேன்.

நேற்று அதே சிறுமி சளி பிடித்து வந்து, ‘மை நோஸ் இஸ் ரன்னிங், சார்’ என்றாள். தமிழில் சொல்லம்மா என்றேன். பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சென்ற வாரத் திருத்தத்தை நினைவுபடுத்திப் பார்த்து, ‘மூக்கு நடக்கிறது, சார்’ என்றாள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முழங்காலில் வலி முழுதும் விட்டதா என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்