பாதுகாப்பை அணைத்துவிடச் சொன்ன நிறுவல் உதவி குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: உங்கள் மென்பொருளை வெப் சர்வருக்குப் பின்னால் நிறுவும் கையேட்டில் உள்ள தவறுகள், உதவிப் பிரிவு தந்த ஆபத்தான ஆலோசனையைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் மென்பொருளுக்கு உரிமம் வாங்கி, அதனுடன் நிறுவல் உதவிக்கும் தனியாகக் கட்டணம் கட்டிய வாடிக்கையாளர் நான். ஊழியர்களின் விவரம், சம்பளக் கணக்கு, வங்கி எண்கள் எல்லாம் இதில்தான் ஏறப்போகின்றன. மென்பொருளின் வேலையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. நிறுவல் கையேட்டைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, உங்கள் உதவிப் பிரிவு மின்னஞ்சலில் எனக்குக் கொடுத்த ஓர் ஆலோசனையைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

கையேடு சொல்லும் ஏற்பாடு எளிமையானது. ஒரே கணினியில் முன்னால், இணையப் பக்கங்களைக் கொடுக்கும் அப்பாச்சி வெப் சர்வர், பின்னால், உங்கள் மென்பொருளை ஓட்டும் டாம்கேட் சர்வர். உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை அப்பாச்சி 80 அல்லது 443 போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வாங்கி, படங்கள், ஸ்டைல் கோப்புகள் போன்றவற்றைத் தானே கொடுத்துவிட்டு, மற்றதை டாம்கேட்டிடம் ஒப்படைக்கும். நல்ல ஏற்பாடுதான். பாதுகாப்புச் சான்றிதழை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கலாம். டாம்கேட்டைச் சாதாரணப் பயனர் கணக்கில் ஓட்டலாம். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்கத்தான் ரூட் என்ற முழு நிர்வாகி உரிமை தேவைப்படும், டாம்கேட்டோ 8080-இல் நின்றுகொள்ளும். இதில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு.

இரண்டையும் இணைக்க, வெப் சர்வரும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் ஏஜேபி என்ற நெறிமுறையைப் பயன்படுத்தச் சொல்கிறது கையேடு. டாம்கேட்டில் அதற்கான 8009 போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கும், அந்தப் பக்கம் எதையும் தொட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துப் படங்களில் தெரிவது டாம்கேட் 8.5.32. உங்கள் இன்ஸ்டாலர் என் கணினியில் வைத்ததோ 9.0 வரிசையில் அதற்கு வெகு காலம் பின்னால் வந்த ஒரு பதிப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் 2020 பிப்ரவரியில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளிலிருந்து, சர்வர்.எக்ஸ்எம்எல் என்ற டாம்கேட் அமைப்புக் கோப்பில் ஏஜேபி இணைப்பு கமெண்ட் ஆக்கப்பட்டு, அதாவது முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் சொன்னபடி அப்படியே செய்பவர் எவருக்கும் கிடைக்கக்கூடியது 503 (சேவை கிடைக்கவில்லை) பிழை ஒன்றுதான். எனக்கும் அதுதான் கிடைத்தது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதில், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்றது. அடுத்த பதில், 80 போர்ட்டை வேறு ஏதோ மென்பொருள் பிடித்திருக்கும், அதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்றது. 80 போர்ட் பிடிபட்டிருந்தால் அப்பாச்சி கிளம்பியே இருக்காது. 503 என்ற பதிலைத் தருவதே அப்பாச்சிதான். நான் உயிரோடு இருக்கிறேன், பின்னால் இருப்பவரைக் கேட்டேன், அங்கே யாரும் எடுக்கவில்லை என்பது அதன் பொருள். அப்பாச்சியின் பிழைப் பதிவான லாகில் 8009-க்கான இணைப்பு மறுக்கப்பட்டதாகத் தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரிகளை முதல் மின்னஞ்சலிலேயே இணைத்திருந்தேன். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது அடுத்தடுத்த பதில்களிலேயே தெரிந்தது.

அப்புறம் வேறொருவர் எழுதினார். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த ஏஜேபி பகுதியின் கமெண்ட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். இப்போது டாம்கேட் அந்த இணைப்பைத் தொடங்கவே மறுத்தது. ரகசியச் சொல் கட்டாயம் என்று அமைப்பு சொல்கிறது, ஆனால் ரகசியச் சொல் எதுவும் கொடுக்கப்படவில்லை, இது செல்லாது என்று லாகில் எழுதியது. 2020 மாற்றத்தின் இன்னொரு பகுதி இது. அதோடு, கோப்பில் உள்ள மாதிரி அமைப்பு ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையின் உள்முகவரியில் (கணினி தன்னையே அழைக்கும் முகவரி) மட்டும் கேட்கும்படி இருக்கிறது. கையேடு அப்பாச்சிக்குக் கொடுக்கச் சொல்வது பழைய ஐபிவி4 முறையின் உள்முகவரியான 127.0.0.1. ரகசியச் சொல் பிரச்சினை தீர்ந்தாலும் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ளப் போவதில்லை.

இந்த லாகையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் இந்தப் புகாரின் காரணம். முகவரியை 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளிலும் கேள்) என்று மாற்றுங்கள், ரகசியச் சொல் கட்டாயம் என்ற அமைப்பை ஃபால்ஸ், அதாவது வேண்டாம் என்று ஆக்குங்கள், வேலை செய்யும் என்று எழுதியிருந்தார் உங்கள் பொறியாளர். செய்தால் வேலை செய்யும் என்பது உண்மைதான். கூடவே, அந்த ஒரே கணினிக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஓர் இணைப்பு நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும், எந்த அடையாளச் சோதனையும் இல்லாமல், திறந்துவிடப்படும்.

அந்தப் பாதுகாப்பு ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோஸ்ட்கேட் என்று பெயரிடப்பட்ட, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-1938 என்று பதிவான ஓட்டையால் வந்தது அது. 8009 போர்ட்டைத் தொட முடிந்த எவரும், கடவுச்சொல் எதுவும் இல்லாமல், அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க முடிந்தது. வெளியாருக்குக் காட்டாத வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் இருப்பதையும்கூட. தரவுத்தளத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கோப்பு பதிவேற்றும் வசதியும் அந்த அப்ளிகேஷனில் இருந்தால், வெளியாள் தன் நிரலையே அங்கே ஓட்டும் அளவுக்குப் போகலாம். உங்கள் மென்பொருளில் ஊழியர் ஆவணங்களைப் பதிவேற்றும் பக்கம் இருக்கிறது.

புதிய பதிப்புகளில் அந்தக் குறிப்பிட்ட வழி அடைக்கப்பட்டுவிட்டது, எனவே கவலை வேண்டாம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். சரி, அந்த வழி அடைபட்டதுதான். ஆனால் ஏஜேபி வழியாக வருவதை டாம்கேட் நம்பிக்கையான இடத்திலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்கிறது. வருபவரின் ஐபி முகவரி, இணைப்பு பாதுகாப்பானதா என்ற விவரம் எல்லாம் முன்னால் இருப்பவர் சொல்வதுதான். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்றால் உங்கள் மென்பொருளின் தணிக்கைப் பதிவில் உள்ள முகவரிகளை எப்படி நம்புவது? இன்னொன்றும் இருக்கிறது. கையேட்டின் படங்களைப் பார்த்து 8.5.32-ஐயே வைத்துக்கொண்டிருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு எந்த அடைப்பும் கிடையாது. கோஸ்ட்கேட் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. 8.5 வரிசைக்கான ஆதரவே 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. என் பிரச்சினையைவிட இது பெரியது. அவர்களுக்கு நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?

ரகசியச் சொல்லை முறையாக வைத்தே இதைச் செய்யலாமே என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பிறகு நானே பார்த்தபோது காரணம் புரிந்தது. உங்கள் இன்ஸ்டாலர் வைக்கும் அப்பாச்சி 2.4.41. அப்பாச்சியின் பிராக்ஸி (கோரிக்கையைப் பின்னால் கடத்திவிடும் பகுதி) வழி ஏஜேபி இணைப்பில் ரகசியச் சொல்லை அனுப்பும் வசதி 2.4.42-இல்தான் வந்தது. அதாவது, ரகசியச் சொல் கேட்கும் டாம்கேட்டையும், அதைச் சொல்லத் தெரியாத அப்பாச்சியையும் ஒரே பொதியில் போட்டு விற்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரு புதுக் கணினியில் ஒரு முறை சேர்த்து ஓட்டிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

கடைசியில் ஏஜேபியையே விட்டுவிட்டேன். டாம்கேட்டின் 8080 இணைப்பை 127.0.0.1 முகவரிக்கு மட்டும் கட்டிவைத்து, அப்பாச்சியின் சாதாரண எச்டிடிபி பிராக்ஸி வழியாக அதற்கு அனுப்பினேன். உள்நுழைந்ததும் உலாவியை நேராக 8080-க்குத் திருப்பிவிட்டது உங்கள் மென்பொருள். உலாவி கேட்ட தளப் பெயரை மாற்றாமல் பின்னால் அனுப்பும்படி பிராக்ஸிபிரிசர்வ்ஹோஸ்ட் அமைப்பைப் போட்டதும் அது சரியானது. முன்னால் இருப்பது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு என்பதைப் பின்னால் இருப்பவருக்குத் தெரிவிக்க ஒரு ஹெடரும் (கோரிக்கையோடு போகும் குறிப்பு), டாம்கேட்டில் அதைப் படிக்கும் ரிமோட்ஐபிவால்வும் வேண்டியிருந்தது. இப்போது 8009 மூடியே இருக்கிறது, 8080 வெளியே தெரியவில்லை, மென்பொருள் நன்றாக ஓடுகிறது. இந்த வழி உங்கள் கையேட்டில் எங்குமே இல்லை. இதைக் கண்டுபிடித்துத் தருவதற்குத்தான் நிறுவல் உதவிக் கட்டணம் கட்டியிருந்தேன்.

கையேட்டில் இன்னும் சில தவறுகள் உள்ளன. அனுமதி அமைப்புகளுக்கு ஆர்டர், அலோ, டினை என்ற பழைய நடையையே கொடுத்திருக்கிறீர்கள், அப்பாச்சி 2.4 வெளிவந்த 2012-லேயே அதற்குப் பதிலாக ரிக்வயர் வந்துவிட்டது. எந்தப் பாதையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் பிராக்ஸிபாஸ் உதாரணத்தில் முன் பாதையின் முடிவில் சாய்கோடு இருக்கிறது, பின் பாதையில் இல்லை. இதனால் பாதையின் இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பக்கத்தைத் தேடிப்போகின்றன. அப்பாச்சியின் சொந்த ஆவணமே இதை எச்சரிக்கிறது. பின்னாலிருந்து பதில் வர அப்பாச்சி காத்திருக்கும் நேரம் இயல்பாக 60 விநாடி. உங்கள் மாதாந்திர அறிக்கை தயாராக அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அதைப் பற்றியும் குறிப்பு இல்லை.

என் உதவிக் கோரிக்கைக்கான டிக்கெட்டை வாடிக்கையாளரே தீர்த்துக்கொண்டார் என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதை மறுபடி திறக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பொறியாளரின் பதில் இன்னும் உங்கள் பதிவில் தீர்வாகவே கிடக்கிறது. நாளை வேறொருவர் 503 என்று எழுதினால் அதே பதில்தான் அவருக்கும் போகும்.

நான் கேட்பவை இவை. 0.0.0.0 ஆலோசனை தவறு என்று எனக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். அதே ஆலோசனையைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்கள் யார் என்று உங்கள் டிக்கெட் பதிவுகளிலேயே தேடிப் பார்க்கலாம். அவர்களுக்கும், பழைய கையேட்டின்படி நிறுவியவர்களுக்கும், 8009 போர்ட்டை மூடச் சொல்லி உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதிய கையேடு தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். கையேட்டைத் திருத்தும்போது எந்த அப்பாச்சி, எந்த டாம்கேட் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். இன்ஸ்டாலர் வைக்கும் பதிப்புகளும் அவையாகவே இருக்கட்டும். நான் கட்டிய நிறுவல் உதவிக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

உங்கள் பொறியாளர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கையில் சரியான கையேடு இல்லாமல் அவரைப் பதில் எழுத உட்கார வைத்தது நிறுவனம்தான்.

அந்த மின்னஞ்சல்களும் இரண்டு சர்வர்களின் லாகுகளும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக் கோப்புகளும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. கடவுச்சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறேன். அமைப்புக் கோப்புகளை உங்கள் புதிய கையேட்டுக்குத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்